மாப்பிள்ளை கன்ட்ரோலர் தேர்ந்தெடுக்கிறார்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் அவள் கணவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, இரண்டு கறுப்புப் பெட்டிகளின் படத்தைக் காட்டி, எது நல்லது என்று கேட்டார். அதற்கு முன்பு போனபோதும் இதே கேள்விதான். பெட்டிகள்தான் வேறு. பழிவாங்கும் எண்ணத்தோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அவன் விரல்களில் இசை குடியிருந்தது, ஆனால் அந்த விரல்களுக்கு"

குடியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "மிடி கன்ட்ரோலர் என்பது"

இது கட்டுரை. இருந்தாலும் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மிடி கன்ட்ரோலர் என்பது பொத்தான்களும் திருகுகளும் மேலும் கீழும் தள்ளும் நகர்த்திகளும் பதித்த ஒரு பெட்டி. பார்த்தால் விமானம் ஓட்டலாம் போலிருக்கும். ஆனால் தானாக ஒரு முணுமுணுப்புகூட எழுப்பாது. நீங்கள் எதைத் தொட்டாலும், "இதைத் தொட்டுட்டாங்க" என்று லேப்டாப்பிடம் போய்ச் சொல்லும், அவ்வளவுதான். பாட்டை ஓட்டுவது, நிறுத்துவது, ஒன்றோடு ஒன்று கலப்பது எல்லாம் லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளின் வேலை. கோள் சொல்வதற்கென்றே செய்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

மாப்பிள்ளை காப்பீட்டு நிறுவனத்தில் வாகனச் சேத மதிப்பீட்டாளர். நசுங்கிய காரை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், கதவை மாற்ற வேண்டுமா, தட்டி நிமிர்த்தினால் போதுமா என்று சொல்லிவிடுவார். பிறர் பொருளில் அப்பேர்ப்பட்ட தீர்மானம்.

[இங்கே அவருடைய சிறுவயது ஏக்கம் ஒன்றைச் செருகலாம் என்று தோன்றியது. செருகினால் நீங்கள் அவர்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.]

என் தங்கை உடற்பயிற்சி நடனம் கற்றுத்தருகிறாள். அதற்காக மருத்துவமனை வரவேற்பு மேசை வேலையை விட்டாள். அந்த வகுப்புக்கு ஒரு மணி நேரம் நிற்காத பாட்டு வேண்டும். மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சிக்குப் போய், பக்குவமாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு நொடி மௌனம் வந்தாலும் ஆட்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள், பிறகு போனைத் தேடுவார்கள், பிறகு வீட்டை. இதுவரை பாட்டுகளைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த தோழி வெளிநாட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சமூகக்கூடத்தின் மேலாளர் ஒரு வாய்ப்பு கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மாலை, எல்லோருக்கும் திறந்த வகுப்பு. கூடம் நிறைந்து, வந்தவர்கள் மறுபடியும் வருவோம் என்று சொன்னால், மாலை நேரம் முழுக்க அவளுக்கு. இல்லாவிட்டால், அதே நேரத்தைக் கேட்டு நிற்கும் கராத்தேக்காரருக்கு. பழைய வேலைக்குத் திரும்பலாமென்றால் அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டுக்கு என்ன, நான் இருக்கேன்ல?" என்றார் மாப்பிள்ளை.

இந்தக் கதையின் எல்லாச் சேதத்துக்கும் மதிப்பீடு இந்த வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

3

பெட்டிகளில் இரண்டு குலம். ஒன்று டிஜேக்களுக்கு. இரண்டு பக்கமும் சுழலும் தட்டு, நடுவில் நகர்த்திகள். மற்றது பாட்டை உருவாக்குகிறவர்களுக்கு. பியானோக் கட்டைகள், தட்டினால் வண்ணம் மாறும் சதுரப் பொத்தான்கள். என் தங்கையின் வகுப்புக்கு முதல் வகை வேண்டும் என்பது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை உங்களைப்போல் அவசரப்படுகிறவர் அல்ல.

"இப்ப டிஜே பெட்டிய வாங்கிடறேன் மச்சான். நாளைக்கு நானே பாட்டு பண்ணணும்னு தோணுச்சுன்னா?"

தோணுச்சுன்னா. இந்த ஒரு சொல்லை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கடைகள் ஓடுகின்றன.

அவர் காணொளிகள் பார்த்தார். தாடி வைத்த ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரிப்பார், பிளாஸ்டிக் உறையைக் காதலோடு உரிப்பார், "பில்ட் குவாலிட்டி" என்று முனகுவார், வாசிக்க மாட்டார்.* பிறகு மாப்பிள்ளை இணையக் குழுக்களில் சேர்ந்தார். அங்கே ஆரம்பநிலைக்காரர் ஒருவர் எதை வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் தேவை என்ன என்று நூறு பேர் திருப்பிக் கேட்பார்கள். தேவையைச் சொன்னால், அந்தத் தேவையே தவறு என்பார்கள். மாப்பிள்ளை வெகு சீக்கிரம் அங்கே பதில் சொல்கிறவராக உயர்ந்தார். சொந்தமாக ஒரு பெட்டிகூட இல்லாமல் எத்தனையோ பேரை எத்தனையோ பெட்டிகள் வாங்க வைத்தார்.

* வாசித்தால் காணொளி முடிந்துவிடும். எழுதுகிறவர்களில் சிலரும் புதிய பேனா, புதிய மேசை, புதிய மென்பொருள் என்று இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களோடு நாளைக்கும் டீ குடிக்க வேண்டும்.

4

இதுவரை எழுதியதை மாப்பிள்ளை படித்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தபோது மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்திருக்கிறார். சங்கடத்தோடு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மன்னிப்பும் தயாராக இருந்தது.

"மச்சான், ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கீங்க."

மன்னிப்பை எடுக்கப் போனேன்.

"தட்டுன்னு எழுதியிருக்கீங்க. அது ஜாக் வீல். தட்டுன்னா சாப்பாட்டுத் தட்டுன்னு நினைச்சுக்கப் போறாங்க."

வேறு எதுவும் உறுத்தவில்லையா என்று கேட்டேன். யோசித்தார். தாடிக்காரரைப் பற்றி எழுதியது நியாயமில்லை, அவர் கடைசி இரண்டு நிமிடம் வாசிப்பார் என்றார். தாடிக்காரரை அல்ல, மாப்பிள்ளையைத்தான் கிண்டல் செய்கிறேன் என்று நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அது கதைதானே மச்சான், இருக்கட்டும். தகவல் சரியா இருக்கணும், அதான் முக்கியம்."

கிண்டல் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்தப் பாத்திரத்தை எப்படிக் கையாள்வது என்று அன்றைக்கு முழுக்க எனக்குப் புரியவில்லை. [கோபப்படாதவனை வைத்து அங்கதம் எழுதுவது, பஞ்சு மூட்டையைக் குத்துவதைப் போல — நல்ல உவமை அல்ல. அப்படியே இருக்கட்டும்.]

5

கடைசியில் வாங்கினார். ஆச்சரியமாகத்தான் இருந்தது, கதையில்கூட நான் அவரை வாங்கவிட்டிருக்க மாட்டேன்.

அழகான பெட்டி. தொடும் அழுத்தத்துக்கேற்ப நிறம் மாறும் பொத்தான்கள், இரண்டு வரிசைக் கட்டைகள். இரண்டாம் குலம். எடை, நிறம், பொத்தானின் மென்மை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. ஹெட்போனை எங்கே செருகுவது?

டிஜே என்பவர் ஒரு பாட்டு கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டைத் தன் காதில் மட்டும் கேட்டு, வேகத்தைப் பொருத்தி, பிறகு வெளியே விடுவார். டிஜே பெட்டிகளில் இதற்கென்று ஒரு துளை இருக்கும். இதில் இல்லை. லேப்டாப்பில் இருந்த ஒரே துளையும் கூடத்தின் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டது. ஆக, அடுத்த பாட்டை மாப்பிள்ளை முதல்முதலாகக் கேட்பது மக்களோடு சேர்ந்துதான். கார் இருக்கையின் துணி நிறத்தைக் கவனமாகக் குறித்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்காமல் வந்ததற்குச் சமம்.

ஒத்திகையில் நானும் இருந்தேன். தங்கை சில தோழிகளை அழைத்திருந்தாள். மெதுவாகக் குனிந்து நிமிர்கிற பாட்டிலிருந்து அவர் அடுத்ததற்குத் தாவியபோது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பாதிப் பேர் பழைய வேகத்தில், மீதிப் பேர் புதியதில். ஒரு பல் மருத்துவர் கால் பிசகித் தரையில் உட்கார்ந்தார். ஒன்றுமில்லை என்று சிரித்தார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்று அமைப்பதில் ஒரு சின்னக் குழப்பம், சரிசெய்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"இந்த பட்டனோட ஃபீல் வேற எதுலயும் வராது மச்சான்."

6

சனிக்கிழமைக்கு முன்பே கதையை முடித்துவிட நினைத்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) மாப்பிள்ளை அற்புதமாக வாசிக்கிறார். கூடம் கைதட்டுகிறது. (பொய் வாசம் அடிக்கிறது.)

ஆ) பெட்டி நின்றுபோகிறது. அவர் மேடையில் தனியாக (அடுத்து என்ன எழுதினாலும் எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது)

இ) கூடம் கராத்தேக்காரருக்குப் போகிறது. தங்கை அழுகிறாள். மாப்பிள்ளை திருந்துகிறார்.

மூன்றையும் தங்கையிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"மூணுலயும் அவர்தான் இருக்காரு. நான் எங்கண்ணா?"

மூன்றாவதில் இருக்கிறாயே என்றேன்.

"அதுல அழறேன். நான் எப்ப அழுதேன்?"

அவள் போனை எடுத்து ஒன்றை ஓடவிட்டாள். பாட்டு மெதுவாகத் தொடங்கியது. ஒன்று மற்றொன்றில் கரைந்ததை நான் கவனிக்கவே இல்லை. எப்போது மாறியது என்று யோசிப்பதற்குள் மூன்றாவது பாட்டில் இருந்தோம். யார் செய்தது என்று கேட்டேன்.

மாப்பிள்ளைதான். பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு நாள், அவள் முன்னறையில் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது, மென்பொருளைச் சும்மா சோதிக்கிறேன் என்று லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகளை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். ஹெட்போனை லேப்டாப்பில் செருகிக்கொண்டு, அறைக்கு ஒலியைக் கம்பியில்லா ஸ்பீக்கரில் விட்டிருக்கிறார். கண் அவள் கால்மேலேயே இருந்திருக்கிறது. அவள் களைத்தபோது பாட்டும் இறங்கியிருக்கிறது. மென்பொருளில் பதிவானதை அவள் தன் போனுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதையே சனிக்கிழமை போடலாமே என்று கேட்டதற்கு, அது கீபோர்டில் செய்தது, கணக்கில் வராது என்றாராம், பரீட்சையில் பார்த்து எழுதியதை ஒப்புக்கொள்கிற குரலில்.

இதை ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை?

"நீ பெட்டியப் பத்தித்தானே கேட்டுட்டு இருந்த?"

[முதல் ஐந்து பகுதிகளையும் திருத்த வேண்டும். திருத்தப்போவதில்லை. தவறாகப் பார்த்ததும் பார்த்ததுதான்.]

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். கூடத்தில் ஒலி மேசை ஓரமாக இருக்கிறது. அதில் இரண்டு கம்பிகளைச் செருகியிருப்பாள். ஒன்று மாப்பிள்ளையின் லேப்டாப்பிலிருந்து, மற்றது அவள் போனிலிருந்து. இரண்டாவது கம்பி அவருக்குத் தெரியாது. எந்தக் கம்பியின் நகர்த்தியை மேலே ஏற்றுகிறோமோ அதுதான் கூடத்தில் கேட்கும். நான் அந்த மேசையருகே நிற்க வேண்டும்.

எதை ஏற்றுவது என்றேன்.

"அத நான் சொல்லிட்டா, நான் அவர நம்பலன்னு ஆயிடும். நம்பறேனான்னு எனக்கே தெரியலண்ணா. மேல ஏறி நிக்கறப்ப அது என் முகத்துல தெரியக்கூடாது. நீதான் எல்லாத்தையும் பாத்துட்டே இருக்கியே, பாத்து முடிவு பண்ணு."

7

சனிக்கிழமை. கூடம் நிறைந்துவிட்டது. தரை மெழுகின் வாசனை, ரப்பர் அடிச்செருப்புகளின் கிறீச். மேலாளர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மேடை ஓரத்தில் மாப்பிள்ளை. சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறார். பெட்டி அவர் முகத்தில் நீலமும் ஆரஞ்சுமாக அடிக்கிறது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை இந்தக் கதையில் எங்கும் நான் எழுதவில்லை.

என் முன்னால் இரண்டு நகர்த்திகள், இரண்டும் கீழே.

இடதுபக்கம் லேப்டாப். சாதகம்: அவர் இப்போது, நேரில், மனைவிக்காக வாசிப்பார். பாதகம்: பல் மருத்துவர். வலதுபக்கம் போன். சாதகம்: ஒரு மணி நேரம், குற்றமில்லாமல், அதுவும் அவர் செய்ததே. பாதகம்: அவர் ஒரு திருகைத் திருப்புவார், ஒலி மாறாது. இரண்டாவது பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு ஒரு மணி நேரமும் விளக்கு எரிகிற பெட்டியின் பின்னால் நின்றாக வேண்டும், எல்லோர் முன்னாலும். வலது நகர்த்தி கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கிறது. இடது வழுவழுவென்று... ஒருவேளை முதலில் இடதை ஏற்றிவிட்டு, சரிப்படாவிட்டால் வலதை... ஆனால் நடுவில் ஒரு மௌனம் வருமே...

இன்னும் கொஞ்சம் தகவல் இருந்தால் தேவலை.

தங்கை எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். வலது கை மேலே போய்விட்டது, அது இறங்கும்போது பாட்டு தொடங்க வேண்டும். கூடம் முழுக்க அந்தக் கையைப் பார்க்கிறது. அவள் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

எழுதுகிறவன் வாக்கியத்தைப் பாதியில் விடலாம். அவளால் கையைப் பாதியில் விட முடியாது. இங்கே வாருங்கள், என் இடத்தில் நில்லுங்கள். உங்களுக்குத்தான் முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்ததே.

சீக்கிரம். கை இறங்குகிறது.