மொரிவாக்கியின் ஊதாக் களிம்பு

டோக்குஜி யாரையும் நம்பாத ஆள். மழை வரும் என்று டிவி சொன்னால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். டாக்டர்களைக் கண்டாலே ஆகாது. ஜப்பானின் தொயாமா நகரத்தில் அவர் நம்பிய ஒரே மனிதர் மூலிகை மருந்துக்கடை மொரிவாக்கி. இருவரும் பொதுக் குளியல்கூடத்தில் மாலைதோறும் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டே கிழவர்களானவர்கள்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த டோக்குஜியின் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தன. மொரிவாக்கி ஊதாக் களிம்பு கொடுத்தார்.

"வெறும் நல்லெண்ணெய், மெழுகு, வேர். இரும்பு மாதிரிதான் உடம்பும் துருப்பிடிக்குது. இந்த வேர் அந்தத் துருவ அடக்கும்."

அந்த வாரமே கை ஆறிவிட்டது. வாழ்நாளெல்லாம் துரு சுரண்டியவர், எந்தத் துருவும் இவ்வளவு லேசில் போகாதே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பேத்தி மியோவின் கன்னம் அரிப்பில் புண்ணானது. டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம் என்று நின்றாள் மகள் சிநோபு. டோக்குஜி இன்னொரு டப்பா வாங்கிவந்து கொடுத்தார்.

"வேரும் எண்ணெயும்தாம்மா. நான் பொறுப்பு."

புண் மாயமாய் மறைந்தது. சிநோபு கோடை முழுக்கத் தடவினாள். பிறகு பிள்ளையின் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் ஓடின. ஆஸ்பத்திரியில் களிம்பைச் சோதித்தார்கள். அதில் பலமான ஸ்டீராய்டு கலந்திருந்தது. கன்னம் தேற நாளாகும் என்றார்கள்.

சிநோபு போனில் கத்தவில்லை. "யாரையும் நம்பாத மனுஷன் சொல்றாரேன்னுதான் நம்பினேன். கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்கப்பா."

டோக்குஜி நேரே கடைக்குப் போனார்.

"கலந்தியா?"

மொரிவாக்கி தராசைக் கீழே வைத்தார். "கலந்தேன். உன் கையில ரத்தம் வழிஞ்சுது. ஸ்டீராய்டுன்னு சொல்லியிருந்தா டப்பாவ என் மூஞ்சியிலயே எறிஞ்சிருப்ப."

"எறிஞ்சிருப்பேன். என் கை, என் பாடு. மியோ கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"குழந்தைக்குன்னு நீ சொல்லவே இல்லையேப்பா."

"எதுக்குடா சொல்லணும்? வேரும் எண்ணெயும்னு நீதான சொன்ன."

மொரிவாக்கி தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார்.

"வேற எத்தன பேருக்கு இப்படிக் கொடுத்த?"

"சத்தியமா உனக்கு மட்டுந்தான்."

நிஜமாகவும் இருக்கலாம். அதை நம்ப டோக்குஜியிடம் ஒன்றும் மிச்சமில்லை.

டோக்குஜி ஒரு வாரம் கழித்துத்தான் குளியல்கூடத்துக்குப் போனார். மொரிவாக்கி வழக்கம்போலப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். துண்டில் நுரை வரவழைத்து, "திரும்பு" என்றார்.

டோக்குஜி முக்காலியை இழுத்துச் சுவரோடு முதுகை ஒட்டி, அவரைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். சுவரில் பதித்த ஓடு சில்லென்றிருந்தது.

"என்ன, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று தொட்டியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

இருவரும் சிரிக்கவில்லை. மொரிவாக்கியின் கையில் நுரை வடிந்துகொண்டிருந்தது. களிம்பை நிறுத்திய டோக்குஜியின் விரல்களில் பழைய வெடிப்புகள் வாய் திறந்திருந்தன. சோப்பு பட்டு எரிந்தது. முதுகின் நடுவில் கை எட்டாத இடம் தேய்க்காமலே கிடந்தது. கிடக்கட்டும் என்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு எழுந்தார்.