ஆற்றங்கரையில் நின்ற மாப்பிள்ளை

நூறு வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்ட மாப்பிள்ளையைக் காவிரிக் கரையிலிருந்து சங்ககிரிக்கு ஏற்றிவந்தது சென்றாயனின் லாரிதான். அன்றைக்கு வண்டியில் லோடு இல்லை. இருந்திருந்தால் மேளக்காரர்களை விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் சுங்கக் குத்தகைக்காரர் கட்டிய பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அஸ்தம்பட்டியிலிருந்து கோகிலவாணி தன் நாடகக் குழுவோடு வந்து அதைத் திறந்து, அங்கே நடந்த கதையை அங்கேயே நடத்தினார். குத்தகைக்காரரின் மகள் ஜானகியம்மாள் மணக்கோலத்தில் காத்திருந்தாள். ஆவணி வெள்ளத்தில் காவிரியைக் கடக்க முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அவள் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பிறகு அவளைப் பார்த்தவர் இல்லை. அந்த அறை மட்டும் நாடகக்காரர்களுக்கும் திறக்கவில்லை.

மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. டிக்கெட் வாங்கினவர்களெல்லாம் கல்யாணத்துக்கு வந்த சனம். வீடு முழுக்க நடமாடலாம். முதல் வாரம் வந்தவர்கள் உட்கார இடம் தேடி முழித்தார்கள். அடுத்த வாரம் ஒரு வங்கி மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாழைமரம் கட்டினார். கெங்கவல்லிப் பெண்கள் சமையல்கட்டில் புகுந்து, ரசத்துக்கு உப்பு பற்றவில்லை என்று தாங்களே அள்ளிப் போட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை என்ற சேதி வந்ததும் அழுதவர்களின் கன்னத்தில் மஞ்சள் ஏறியது. எந்தச் சோப்புக்கும் ஒரு வாரம் போகவில்லை. மஞ்சள் கன்னத்தோடு யாராவது பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

சென்றாயனை அவன் மனைவி சௌந்திரம்தான் இழுத்துக்கொண்டு போனாள். வடநாட்டு லைனில் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். பொங்கலுக்கு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு மாசியில் வந்து இறங்குகிறவன். ஜானகியம்மாளாக நடித்த மஞ்சுளா வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அவனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. நேராகக் கோகிலவாணியிடம் போனான்.

“ஏனுங்க, மாப்பிள எங்க மாட்டிக்கிட்டாருங்க?”

“பவானித் தொறையிலங்க. அவரு வரமாட்டாருங்க, அதுதான் கதை.”

“கூப்புடு தூரமுங்க அது. புள்ளய இப்பிடி உக்கார வெச்சுப்போட்டு என்னங்க கதை?” என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். “வெரசா வந்துருங்க” என்று மட்டும் சொன்னாள் சௌந்திரம்.

குமாரபாளையத்துப் பாலத்தைத் தாண்டி அக்கரையில், புளியமரத்தடியில் அவர்கள் இருந்தார்கள். சீர்த்தட்டுகள், மேளம், ஈரவேட்டியோடு மாப்பிள்ளை சரவணமுத்து. “தண்ணி வடியட்டுமுன்னு இருக்கறோமுங்க” என்றார் அவர். “வடிய வேண்டாமுங்க. பாலம் கட்டி எத்தனையோ வருசமாச்சு. ஏறுங்க சாமி” என்றான் சென்றாயன். பாலத்தின் மேல் போகும்போது மாப்பிள்ளை கீழே எட்டிப் பார்த்து, “இம்புட்டுத்தானுங்களா?” என்று கேட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு லாரி வாசலில் வந்து நின்றது. மேளச் சத்தம் கேட்டு மஞ்சுளா எழுந்து ஒதுங்கிக்கொண்டாள். உள்ளறையின் தாழ் விலகியது. ஜானகியம்மாள் அதே மணக்கோலத்தில், அதே வயதில் வெளியே வந்தாள். மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்து, “வழியில ஏதாச்சும் சாப்புட்டீங்களாங்க?” என்றாள். தாமதமாக வந்த ஒவ்வொரு தடவையும் சௌந்திரம் கேட்டதும் இது ஒன்றைத்தான். சென்றாயன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கன்னத்திலும் மஞ்சள் ஏறிவிட்டிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் சனம் சாப்பிட்டுக் கிளம்பியது. குடித்தனம் நடக்கிற வீட்டில் டிக்கெட் போட முடியாது என்று கோகிலவாணி ராசிபுரம் பக்கம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். தை பிறந்தபோது ஜானகியம்மாள் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் பெண்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவர வேண்டும். அவளுக்கு அந்தப் பக்கம் யாரும் மிச்சமில்லை. நாடகம் பார்த்தவர்கள் ஆளுக்கொரு தூக்குவாளியில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறுமாக வந்து சேர்ந்தார்கள். வாசலில் நின்று வரவேற்ற சரவணமுத்து யார், எவரென்று விசாரித்தார். ஒவ்வொருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “நாங்க பொண்ணூட்டுக்காரங்க.”