ஹேவ்லாக் போகும் முருங்கைக்காய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலை போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் (இங்கே ஜெட்டி என்பார்கள்), யாரென்றே தெரியாத ஓர் அம்மா என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். தீவுக்குத் தீவு பொருள் அனுப்ப இங்கே அதுதான் வழக்கம். கப்பலேறுகிற யாரிடமாவது கொடுத்தால் போதும், அந்தக் கரையில் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். நான் போகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கூச்சம்தான் இந்தக் கதை.

2

‘போர்ட் பிளேயரின் தெருக்கள் அழகு கொஞ்சும்...’ (வேண்டாம். டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.)

சங்கவி இரண்டு வருடமாக இந்த ஊர்த் தெருக்களை ஆவணப்படமாக எடுக்கிறாள். அபர்டீன் பஜாரில் ஷட்டர் தூக்குகிறவர்கள், மழைக்கு ஒதுங்கி மூன்று மொழியில் வம்பளக்கிறவர்கள். ஹேவ்லாக் தீவில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, அவள் காதலன் குணா அவளையும் கூப்பிட்டான். படம் முடியட்டும், வருகிறேன் என்றாள். படம் முடிந்தபாடில்லை. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், எந்தத் தெருவில் ஆரம்பித்தாலும் கேமரா படகுத்துறை வாசலில்தான் வந்து நிற்கிறது. அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

(குணாவைக் கல்நெஞ்சனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆறு மாதமாக அவன் போன் செய்யவில்லை. அவளும்தான்.)

3

முதுகில் தொங்கிய கேமரா பையைப் பார்த்து, படகுத்துறை வாசலில் நின்ற சங்கவியைப் பயணி என்று நினைத்துவிட்டார் பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்திலிருந்து வந்த பங்கஜம். செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டை நீட்டினார்.

“ஹேவ்லாக் தானேம்மா? எம் பொண்ணு இந்திராணி ஜெட்டில நிப்பா. மாசமா இருக்கா, இதுதான் வேணுமாம். குடுத்துரும்மா. நான் ஜல்தி போணும், பஸ்ஸு போயிரும்.”

போகவில்லை என்று சொல்லத்தான் சங்கவி வாயெடுத்தாள்.

“போறேம்மா. குடுங்க.”

4

டிக்கெட்? எழுதுவது நானாச்சே, கவுண்டரில் ஒன்று மிச்சமிருந்தது.

முதல் முடிவு: அவள் ஏறுகிறாள். அந்தக் கரையில் இந்திராணிக்குப் பக்கத்திலேயே குணா... (சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: கட்டை வேறொரு பயணியிடம் தள்ளிவிட்டு, வழக்கம்போலக் கேமராவைத் திறக்கிறாள். (என்னைப் போலவே. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.)

கப்பலின் சங்கு ஊதிவிட்டது. கட்டை அணைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நிற்கிறாள். இந்த முறையும் நான் போகவில்லை. நீங்கள் ஹேவ்லாக் தானே? அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெட்டியில் இந்திராணி நிற்பாள். வேறு யாராவது நிற்கிறார்களா என்று சங்கவி வாய்விட்டுக் கேட்கமாட்டாள். நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.