இருபது கிலோ ஐஸ்கிரீம்

மாடும் பாலுமாகவே வாழ்ந்த லெஸ்டருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. பால்பண்ணைகள் நிறைந்த சவுத்லேண்டில் அந்தக் கணக்கை யாரும் சந்தேகித்ததில்லை.

ஊர் மண்டபத்தின் நூற்றாண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. பாவ்லோவா கேக்குக்குத் தொட்டுக்கொள்ள ஐஸ்கிரீம் வாங்குவது அவர் பொறுப்பு. தொழிற்சாலையில் நசுங்கிய டப்பாக்களை எடைக்குத் தள்ளிவிடுவதாகக் கேள்விப்பட்டார். உறைபெட்டியில் மிச்சமிருந்த இடத்தில் கன்றுக்குப் பால் வைக்கும் பத்து லிட்டர் வாளி இரண்டை வைத்துப் பார்த்தார். கச்சிதம். இருபது கிலோ சொல்லிவிட்டார்.

மற்ற இடத்தில் டிப் படுத்திருந்தது. மகன் ஸ்டூவர்ட்டின் நாய், செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. அவன் கடல் தாண்டிப் பெர்த் பக்கம் சுரங்க வேலையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வர முடியும். "நீ வர்ற வரைக்கும் புதைக்க மாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வெட்டிய ஆட்டுக்கறியையெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் திணித்துவிட்டு, டிப்பைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. டிரைவர் இறக்கினான், இறக்கினான், இறக்கிக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, யாரோடத இறக்குற?"

"உங்களோடதுதான் பெரியவரே. இருபது கிலோ, நாப்பது லிட்டர்."

"இருபது கிலோ எப்படிப்பா நாப்பது லிட்டர் ஆகும்?"

"பாதி காத்துதானே. காத்தடிச்சுத்தான் ஐஸ்கிரீமே பண்றாங்க."

வாழ்நாளில் முதல்முறையாக லெஸ்டருக்குத் தன் மாடுகள் மேல் மரியாதை கூடியது. அவை காற்றைக் கறந்ததே இல்லை.

பாதி டப்பாக்கள் உள்ளே போயின. மீதி வெயிலில் நின்றன. மனைவி நோலீன் டப்பாக்களைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள்.

"லெஸ், டிப் எத்தனை கிலோ?"

"இருபது."

"அப்ப இருபது லிட்டர். அதை எடுத்துட்டா எல்லாம் சரியா அடங்கிடும்."

நாய் விஷயத்தில் மட்டும் கணக்கு துல்லியமாக இருந்தது. லெஸ்டருக்கு அது எரிச்சலாக வந்தது.

"எடுக்க மாட்டேன்."

"ஊருக்கே நீ வாக்குக் குடுத்திருக்க."

"பையனுக்கும்தான் குடுத்திருக்கேன்."

பக்கத்து வீடுகளில் இடம் கேட்க வழியில்லை. அங்கெல்லாம் அவருடைய ஆடுதான் இருந்தது. மிச்ச டப்பாக்களைக் காரில் ஏற்றிச் சாலை நெடுக வீடுவீடாகக் கொடுத்தார். "இப்பவே சாப்பிடுங்க" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரிக்கு இரண்டு டப்பா கிடைத்தது.

சனிக்கிழமை ஸ்டூவர்ட் வந்தான். கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினான். ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து டிப்பை எடுத்து வந்து அப்பாவும் மகனும் குழியில் இறக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு கரண்டியோடு ஐஸ்கிரீம் தீர்ந்தது. விழாக் கமிட்டி ரேவின் மண்டபமே கேட்கும்படி சிரித்தாள். "வாங்கினதுல பாதி ரோட்டுலயே போச்சாம். பால்காரருக்கு லிட்டர் கணக்கு தெரியலையாம்! மாட்டுக்கிட்ட கேட்டிருந்தா அதுவே சொல்லியிருக்கும்."

லெஸ்டர் தலையாட்டினார். "காத்து இருக்கும்னு தெரியாமப் போச்சு. என் தப்புதான்." நாய்க்காக ஊர் ஐஸ்கிரீமைத் தானம் செய்தவன் என்பதைவிடக் கணக்குத் தெரியாதவன் என்று பேர் எடுப்பது சுலபம்.

ஸ்டூவர்ட் எழுந்தான். நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை.

"அப்பா கணக்குல தப்பில்ல. என் நாய்க்கு இடம் விட்டாரு."

ரேவின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகன் தன் கரண்டி ஐஸ்கிரீமை அப்பாவின் தட்டில் தள்ளினான்.

"சாப்பிடுங்க. உருகுது."

லெஸ்டர் சாப்பிட்டார். பாதி காற்றாக இருந்தும் விழுங்கக் கஷ்டமாக இருந்தது.