ஓரகத்தி எடுத்த அறை

ஓரகத்தி பெருநகரத்தில் மூன்று நாள் சொகுசாகத் தங்குவதற்கு எடுத்த ஹோட்டல் அறை, வெள்ளிக்கிழமை காலை தையல்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தையல் அறைக் கதவைத் திறந்தவள், மெஷின் இருந்த இடத்தில் ஒரு பெரிய கட்டிலையும், கண்ணாடிச் சுவரை ஒட்டிக் குளியல் தொட்டியையும், அதற்கப்பால் நாற்பத்தொரு மாடிக்குக் கீழே கார்கள் ஊர்வதையும் பார்த்தாள். அவள் வீடு இருப்பதோ முதல் மாடியில். ஆனாலும் அவள் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் எதை வரவழைத்தாலும் அவள் விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். நாள் முழுக்க வீட்டில் கிடப்பவள் அவள் ஒருத்திதான். மிக்ஸி வந்திருக்கிறது, மெத்தை வந்திருக்கிறது, கொழுந்தனின் செருப்பு அளவு மாறி மாறி வந்து போயிருக்கிறது. கை பழகிய பழக்கத்தில் ஓரகத்தி அறைக்கும் அதே விலாசத்தை அடித்துவிட்டாள், அறையும் வந்துவிட்டது.

உள்ளே கால் வைத்ததும் தையல்காரிக்கு வந்தது சந்தோஷம் என்று சொன்னால் அது பொய். நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு மாதமாக அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஓரகத்திக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அவள் புருஷனுக்கு ராத்திரியில் கிடங்கில் வேலை. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, அதற்காகத்தான் இந்தப் பயணம். அந்த நியாயம் தையல்காரிக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் எரியாமல் இருக்குமா? ஓரகத்தி சாயங்காலமானால் போனும் கையுமாக வந்து தையல் அறை ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டி ஜன்னலோரம் இருக்கட்டுமா, காலைச் சாப்பாடு அறைக்கே வரட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். தையல்காரி வாயில் குண்டூசியைக் கடித்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாடியைத் தேர்ந்தெடுத்தது அவள். ஜன்னலோரத் தொட்டி அவள் சொன்னது. இத்தனை கேட்டவளுக்கு, நீங்களும் வாங்களேன் என்று ஒரு பேச்சுக்காவது கேட்கத் தோன்றவில்லை. புருஷனும் பொண்டாட்டியும் தனியாகப் போகிற இடத்துக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கூப்பிட்டிருந்தால், எங்களுக்கு எதுக்கு என்று கௌரவமாக மறுத்திருப்பாள், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அந்த ஆத்திரத்தில் ஒரு வக்கீலின் கோட்டுக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள்.

மத்தியானம் ஓரகத்தி போன் செய்தாள். ஹோட்டலில் கதவைத் திறந்தால் உள்ளே தையல் மெஷின் இருக்கிறதாம், இரண்டு இடது கை வைத்த கோட்டு தொங்குகிறதாம். வரவேற்பில் போய்க் கேட்டதற்கு, நீங்கள் கொடுத்த விலாசத்துக்கு அறை போய்விட்டது, அங்கிருந்த அறை இங்கே வந்துவிட்டது, வேறு காலியில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, எங்க ரூம் அங்க வந்திருக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த ரயிலில் இருவரும் வந்து சேர்ந்திருப்பார்கள். தையல்காரி தொட்டியைப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் வரலையே" என்றாள். போனை வைக்கப்போனவள் மனசு கேட்காமல், "என் கத்தரிய மட்டும் தொட்டுராத. அதுல காகிதம் வெட்டினா முனை போயிடும்" என்றும் சொல்லிவிட்டாள்.

 அந்தப் பக்கம் "சரிக்கா" என்று மட்டும் கேட்டது.

தையல்காரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவர், லிஃப்ட் இல்லாமலே இத்தனை உயரம் வந்துவிட்டதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, கட்டிலின் அந்தக் கோடியில் படுத்துக் குறட்டை விட்டார். அந்த அகலக் கட்டிலில் இவள் கையை நீட்டினாலும் அவர் எட்டவில்லை. எழுந்து போய்த் தொட்டி வெந்நீரில் கழுத்துவரை கிடந்தபடி ஊரின் விளக்குகளைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நினைப்பெல்லாம் தன் தையல் அறையிலேயே இருந்தது. அங்கே இருப்பது ஒரே ஸ்டூல். இரண்டு பேர் இருக்க வேண்டுமென்றால் துணி மூட்டைமேல் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதை நினைத்ததும், அடங்கியிருந்த எரிச்சல் திரும்பவும் மூண்டது. திங்கட்கிழமை தையல் அறை திரும்பி வந்தபோது கத்தரி வைத்த இடத்திலேயே இருந்தது. துணி மூட்டையில் இரண்டு பேர் படுத்த பள்ளம் இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓரகத்தி முகம் பூரித்து வந்தாள். இப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாயிற்று என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள், ஹோட்டலின் இணையப் பக்கத்திலும் எழுதிப் போட்டாள். அதைப் படித்தவர்கள் அந்தத் துணி மூட்டை அறைதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தையல் அறை பெருநகரம் போவதும், தொட்டியும் கட்டிலும் இங்கே வருவதும் வழக்கமாகிவிட்டது. தையல்காரி இன்னொரு மெஷின் வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நாற்பத்தோராவது மாடி வெளிச்சம் ஊசியில் நூல் கோக்க வசதியாக இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் கீழே எட்டிப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு மோர் கொடுப்பாள். யார் யாரோ தன் மூட்டைமேல் படுத்துச் சிரிக்கிறார்களே என்ற காந்தல் மட்டும் போகவில்லை. ஒரு தடவை தன் அறையைத் தானே எடுத்துப் பார்க்கலாமென்று போன் செய்தாள். வருஷக் கடைசிவரை காலியில்லை என்றார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை ஓரகத்தி, புருஷனின் சட்டையைக் காலர் மாற்றக் கொண்டுவந்தவள், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெந்நீரில் காலை விட்டுக்கொண்டாள். தையல்காரி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல என்னதான் பேசினீங்க?"

"என்னென்னமோ. ஆனா மெதுவாத்தான் பேசினோம். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

மெஷின் நின்றது.

"கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா. அதான் கூப்பிடல."

"இருந்தாலும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்."

ஓரகத்தி விளிம்பில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்கக்கா."

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலரில் குத்திவிட்டு எழுந்து வந்தாள். தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. அறை திங்கட்கிழமைதான் போகும்.