தெவசத்தன்று விழுந்த குஞ்சுகள்

காக்கைக்குச் சோறு வைக்க என் வீட்டுக்காரர் சந்தோஷ்குமார் வாழையிலையோடு மொட்டைமாடிக்கு வந்தபோது, நான் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்து நின்றேன். மாமனார் போய் முதல் தெவசம். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்தவருக்கு முதலில் பறந்தது பொறுமை.

"ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க" என்றேன். அவசரமென்றால் எனக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். நான் இந்த மைசூரிலேயே பிறந்தவள், அவர் தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்.

காலையில் அடித்த காற்றில் மல்லிகைப் பந்தல் சரிந்து, அதிலிருந்த கொண்டைக்குருவிக் கூடு பிய்ந்துவிட்டது. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் சிமெண்ட் தரையில் கிடந்தன. மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்களே, தொடப் பயந்து வெகுநேரம் வெறுமனே நின்றேன். பிறகு கூட வேலை பார்க்கும் அக்ஷதாவுக்குப் போன் போட்டேன். ஞாயிறு தவறாமல் பறவை பார்க்கப் போகிறவள்.

"அதெல்லாம் சும்மா. தைரியமா எடுங்க. கூடு இருந்த எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு கூடையில வெச்சுக் கட்டுங்க. பால் கீல் ஊத்தாதீங்க. தள்ளிப் போயிட்டா அம்மா வரும்" என்றாள்.

ஓட்டைப் பிளாஸ்டிக் கூடையில் தேங்காய்நாரைப் பரப்பி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். உள்ளங்கையில் சூடாகத் துடித்தன. அந்தச் சூட்டில்தான் எனக்கு அழுகை வந்தது.

பந்தல் காலில் கட்டிய கூடைக்கு நேர் எதிரே கைப்பிடிச் சுவர். மாமனாரே வருகிறார் என்று நினைத்து, வருடம் முழுக்க அந்தச் சுவரில் சோறு வைத்துக் காக்கைகளைப் பழக்கியவள் சாட்சாத் நான்தான். இப்போது தண்ணீர்த் தொட்டிமேல் ஏழெட்டு உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தன. சோறு தீர்ந்ததும் கூடைதான் கண்ணில் படும்.

"அப்பனுக்கு வெக்கறத எப்புடி ஸ்வாதி நிறுத்தறது?" அவர் குரல் உடைந்தது.

"நிறுத்தச் சொல்லலீங்க, எடத்த மாத்தச் சொல்றேன். உங்களப் பாக்க ஊர்லருந்து ரெண்டு பஸ் மாறி வந்த மனுசனுங்க உங்கப்பா. தெருமுக்கு வரைக்கும் வர மாட்டாங்களா?"

கூடையை எட்டிப் பார்த்தார். இலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தெருவில் அவர் நடக்க, தலைக்கு மேலே காக்கைகள் ஊர்வலமாகப் போயின.

நான் மாடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாய்க்குருவி எதிர்வீட்டு கேபிள் ஒயரில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. கிட்டே வரவில்லை. என் கை பட்டதால்தானோ என்று உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

போன் அதிர்ந்தது.

"எடுத்துருச்சு ஸ்வாதி! அப்பனாட்டமே மொதல்ல வடையத்தான் எடுத்துச்சு!"

அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. அவருக்குப் பின்னால் காக்கைகள் ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்து, அலகில் பச்சைப் புழுவோடு குருவி கூடை விளிம்பில் வந்து இறங்கியது. உள்ளேயிருந்து மூன்று சிவந்த வாய்கள் எழும்பின. குருவி தலையைச் சாய்த்து என் பக்கம் பார்த்தது. காக்கைச் சத்தம் அதற்குக் கேட்டுவிடாமல், போனை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன்.