மடுவில் இறக்கிய கருவி

கடல்நீரில் கதிரியக்கத்தை அளவெடுக்க வந்த மினேமுரா வரைபடத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி, "இதுக்குள்ள எங்க வேணா நிறுத்துங்கய்யா" என்றுதான் சொன்னாள். எங்கே வேண்டுமானாலும் என்றால் மீன்பிடிக்கிறவனுக்கு ஒரே இடம்தான். சோகிச்சி யோசிக்கவே இல்லை. கட்டத்தின் மூலையில், கடல்தரை சட்டென்று பள்ளமாகும் மடுவின் மேல் படகைக் கொண்டுபோய் நிறுத்தினார். தட்டைமீன் கூடுகிற இடம் அது. அவர் குடும்பத்தைத் தவிர வேறு ஒருவருக்கும் காட்டாத இடம். மீன் பிடிக்கவா வந்தோம் என்று ஒரு கணம் நினைத்திருக்கலாம். அறுபத்தெட்டு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

சுனாமியில் அணு உலை வெடித்ததிலிருந்து அந்தக் கட்டம் மூடிக் கிடக்கிறது. ஹமசாகித் துறையின் படகுகள் வடக்கே சுற்றிப் போய், பாதிப் பெட்டி மீனோடு திரும்பிக்கொண்டிருந்தன. கடல்நீரில் கதிரியக்கச் சீசியம் இந்த முறை வரம்புக்குள் இருந்தால் கட்டத்தைத் திறப்போம் என்று கூட்டுறவுச் சங்கம் சொல்லியிருந்தது. திறந்தால் மகன் ரியோஹெய் தோக்கியோ பக்கம் சைத்தாமாவில் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுப் படகுக்கு வந்துவிடுவான். இல்லாவிட்டால் அங்கேயே வீடு வாங்கிவிடுவான். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக மிசோ சூப் வைத்துக் குடிக்கிற சோகிச்சிக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

கருவி பால் கேன் அளவு இருந்தது. கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அடியில் தொங்கும் ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், மேலே இழுத்து, அசையாமல் பிடிக்க வேண்டும். கருவி சேற்றில் உட்கார்ந்தால் அது நீரை அளக்காது, சேற்றைத்தான் அளக்கும். அந்தக் கணக்கு செல்லாது. கயிறு சோகிச்சி கையில் இருந்தது. ஒரு பாகம் இழுத்துப் பிடித்தார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மினேமுராவின் முகம் சுண்டியது.

"ஐயா, இது வரம்பைத் தாண்டுதே!"

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். ஏறிக்கிட்டே போகுது."

மீன் வந்து ஒதுங்குகிற பள்ளத்தில்தான் சீசியம் ஒட்டிய சேறும் வந்து ஒதுங்கும். இத்தனை வருஷத்தில் சோகிச்சிக்கு அது அப்போதுதான் உறைத்தது. பத்து வீச்சு தள்ளி நிறுத்தியிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும்?

மினேமுரா திரும்பினாள். "ஆழம் காட்டுற கருவி முழக்கணக்குல முன்னப்பின்ன சொல்லும். அதை நம்ப முடியாது. உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும். கருவி சேத்துல பட்டுதா?"

படவில்லை. கயிற்றில் முழுப் பாரமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பட்டுடுச்சு. கை வழுக்கிடுச்சும்மா" என்றார் சோகிச்சி.

அவள் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப இது கணக்கில்ல. இங்க கலங்கியிருக்கும், தள்ளிப் போவோம்." தள்ளிப் போனார்கள். அங்கே நீர் தங்கமாக இருந்தது.

கட்டம் திறந்தது. ரியோஹெய் வந்தான். முதல் மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, குளியலறையில் பாட்டுக்கூடக் கேட்டது. ஆனால் சோகிச்சி மடுவின் பக்கம் படகைத் திருப்பவே இல்லை. வலையில் நண்டும் நட்சத்திரமீனுமாக வந்தன.

"அண்ணே, மகன் வந்ததுல மீனெல்லாம் கோவிச்சுக்கிச்சா?" என்று ஏலக்கூடத்தில் இன்னொரு படகுக்காரன் கட்சுயுகி சீண்டினான்.

ரியோஹெய்க்கு அது சுருக்கென்று தைத்தது. "அப்பா, நம்ம மடுவுக்குப் போனா என்ன?"

"சுனாமியில மண்ணு மூடிடுச்சு."

"போய்ப் பாத்தீங்களா?"

"சொன்னா கேளுடா!"

"சும்மா எரிஞ்சு விழாதீங்க. வேலையை விட்டுட்டு வந்தவன் நான்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொன்னால் மறுநாளே கட்டம் மூடும், மகனும் போய்விடுவான். சோகிச்சி குச்சியால் சோற்றைக் கிளறினார்.

சோகிச்சி காய்ச்சலில் படுத்த அன்று ரியோஹெய் தனியாகப் போனான். அடங்காத மீன்பாடு கிடைத்தால் மட்டும் ஏற்றுகிற வண்ணக்கொடி படகில் பறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தியதும், சோகிச்சி உள்ளாடையோடு துறைக்கு ஓடினார். பெட்டி பெட்டியாகத் தட்டைமீன் இறங்கிக்கொண்டிருந்தது. ரியோஹெய் தொண்டை கம்மக் கம்மச் சிரித்தான். "மண்ணு மூடிடுச்சாம்ல! பாருங்கப்பா!"

ஏலத்துக்கு முன் சங்கத்துப் பெண்கள் மாதிரிக்கு ஒரு மீனை நறுக்கிச் சோதனைக் கருவியில் வைப்பார்கள். வைத்தார்கள். இன்னொரு மீனை நறுக்கினார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தலைவரைக் கூப்பிட்டார்கள்.

அன்றே துறையின் எல்லாப் படகுகளையும் நிறுத்தினார்கள். தோக்கியோ வியாபாரிகள் வடக்கில் பிடித்த மீனையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கட்டம் எப்போது திறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை. கட்சுயுகி படகை விற்க ஆள் தேடினான்.

சங்கக் கூடத்தில் மினேமுரா எல்லோர் முன்னாலும் நின்று, நெற்றி முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்தாள். தப்பு தன்னுடையது என்றாள். ஒருவன் காகிதக் கோப்பையை அவள்மேல் வீசினான்.

"கருவி, கருவின்னு வந்து எங்க வாயில மண்ணப் போட்டுட்டியே!" என்று கத்தியது ரியோஹெய்தான். "எதை அளந்தே நீ?"

அவள் நிமிரவே இல்லை. சோகிச்சி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. தன் தப்புக்கு மகன் அவள்மேல் அப்படிக் கத்துவதைக் கேட்க உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் திறக்கவில்லை. மகன் நாளைக்கு ஊரைவிட்டுப் போகத்தான் போகிறான். போகிறபோது அப்பனை வெறுத்துக்கொண்டு போக வேண்டுமா?

கூடம் காலியான பிறகு மினேமுரா அவரிடம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அன்னைக்கு நீங்க சேத்துல பட்டுடுச்சுன்னு ஒளிக்காம சொன்னீங்க. நான் அங்கேயே மறுபடியும் இறக்கிப் பாத்திருக்கணும். கலங்கியிருக்கும்னு சோம்பல்பட்டு விட்டுட்டேன். உங்க மகன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்யா. மன்னிச்சிடுங்க."

அவருக்கும் தனியாக ஒருமுறை குனிந்தாள்.

"பரவாயில்ல, விடும்மா" என்று சோகிச்சி அவளை மன்னித்தார்.